சந்தனப் பொட்டும் இரண்டாவது டிரைவரும்

டமார் என்று ஒரு சத்தம். புனேயிலிருந்து வந்திருந்த மூன்று பேரும் நின்ற இடத்திலேயே துள்ளினார்கள். கேட் வாசலில் பிரஸ் ஓட்டும் கருப்புசாமி திருஷ்டிப் பூசணிக்காயை உடைத்திருந்தார். குங்குமம் அப்பிய விதைகள் தார்ச்சாலை வரைக்கும் சிதறிக் கிடந்தன. "பயந்துபோட்டீங்களா சார்? இனி எந்தக் கண்ணும் படாதுங்க" என்று முதலாளி சுப்பண்ணன் அவர்களுக்குப் புரியாத தமிழில் சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

இதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், இன்ஸ்பெக்டர் சார். எங்கிருந்து வேண்டுமானாலும் ஆரம்பி, ஆனால் ஒன்றையும் விடாமல் எழுது என்று சொல்லித்தானே இந்த முழுநீளத் தாள்களைக் கொடுத்தீர்கள்? எதிரே உட்கார்ந்திருக்கும் ஏட்டையா, "கால ஆட்டாதீங்க தம்பி, மேசை ஆடுது" என்கிறார். என் கால் கொஞ்ச நாளாகத் தானாக ஆடுகிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நடக்காவிட்டால் உட்கார முடியவில்லை. மற்றபடி நிதானமாகத்தான் இருக்கிறேன். என்னை யாரும் பிடித்துக்கொண்டு வரவில்லை. இன்று காலை நானாக பஸ் ஏறி கருமத்தம்பட்டி போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தேன். அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

பெயர் வரதராஜுலு. வயது முப்பத்தொன்று. பழகியவர்களுக்கு ராஜு. வீடு பீளமேட்டில். ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். எங்கள் என்றால் நானும் ஜெபமணியும். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. தொண்ணூற்று மூன்றில் சேர்ந்து தொழில் ஆரம்பித்தோம். பெயர்ப் பலகையில் அவன் பெயர் முதலில், என் பெயர் இரண்டாவது. ஆங்கில எழுத்து வரிசைப்படி எழுதினோம் என்று அவன் சொன்னான். நியாயமான காரணம். நான் மறுத்துப் பேசவில்லை.

சுப்பண்ணனின் தொழிற்சாலை இங்கிருந்து அவிநாசி ரோட்டில் இரண்டு மைல். போர்வெல் பம்புக்கு உள்ளே வரிசையாக அடுக்குகிற இரும்புக் கிண்ணங்களை அங்கே செய்கிறார்கள். தகட்டை பிரஸ்ஸில் வைத்து பெடலை மிதித்தால் மேலிருந்து அச்சு இறங்கி அழுத்தும். தகட்டோடு சில சமயம் விரலும் போகும். மூன்று வருடத்தில் இரண்டு பேருக்குப் போனது. சுப்பண்ணன் கெட்டவர் இல்லை. "தோட்டத்த வித்துத் தொழில் ஆரம்பிச்சவன் நானுங்க. அடுத்தவன் கைய வாங்கறதுக்கா வித்தேன்? கை உள்ள இருந்தா மெசின் தானா நிக்கோணும். அதுக்கு ஒரு வழி சொல்லுங்க தம்பி" என்று எங்களிடம் வந்தார்.

ஜெபமணி ஒரு வழி கண்டுபிடித்தான். அதற்குக் 'கைக்காவல்' என்று அவனே பெயர் வைத்தான்.

அது வேலை செய்யும் விதம் தெரிந்தால்தான் நான் செய்தது உங்களுக்குப் புரியும். பிரஸ்ஸுக்கு மேலே ஒரு காமிரா. அது பார்ப்பது எல்லாம் பக்கத்து இரும்பு அலமாரியில் உள்ள கணினிக்குப் போகும். கணினி ஒவ்வொரு படத்தையும் பார்த்து, இதில் கை இருக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும். இருந்தால் எண்ணெய் வால்வு மூடிக்கொண்டு பிரஸ் நின்றுவிடும். சாதாரணக் கணினியால் வினாடிக்கு மூன்று படம்தான் பார்க்க முடியும். அது போதாது. அதனால் ஆக்சிலரேட்டர் கார்டு ஒன்றை வெளிநாட்டிலிருந்து வரவழைத்தோம். கணக்குப் போடுவதற்கென்றே அதில் தனிச் சில்லு ஒன்று உண்டு. அது வினாடிக்கு இருபத்தைந்து படம் பார்க்கும்.

கார்டு தானாக ஒன்றும் செய்யாது. கணினியை ஓட்டும் அடிப்படை மென்பொருளான விண்டோஸ் என்.டி.க்கும் கார்டுக்கும் நடுவில் டிரைவர் என்று ஒரு சின்ன மென்பொருள் வேண்டும். இதை நான் முதல்முறை சொன்னபோது சுப்பண்ணன், "இதுக்கும் டிரைவருங்களா? பேட்டா கேக்குமாட்ட இருக்குதே" என்றார். எங்கள் கார்டுக்கு இரண்டு டிரைவர்கள் இருந்தன. முதலாவது, கார்டோடு சி.டி.யில் வந்த பொது டிரைவர். அது கார்டிலிருந்து படத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், சில்லைத் தொடாது. கணக்கு முழுவதும் கணினியின் தலையில் விழும். இரண்டாவது, நான் எழுதி எழுதிக் கேட்டு கூரியரில் ஃப்ளாப்பியாக வந்த டிரைவர். அதுதான் சில்லை வேலை வாங்கும். திரையில் இரண்டுக்கும் ஒரே படம்தான் தெரியும். பட்டியலில் பெயர்கூடக் கிட்டத்தட்ட ஒன்றே, கடைசி இரண்டு எழுத்துதான் வேறு. அவசரத்தில் யார் வேண்டுமானாலும் மாற்றித் தேர்ந்தெடுத்துவிடலாம்.

கார்டு இல்லாவிட்டால் பிரஸ் ஓடக்கூடாது என்று ஜெபமணி ஒரு பாதுகாப்பு வைத்திருந்தான். ஆனால் பொது டிரைவரும் கார்டு இருக்கிறது என்றுதான் பதில் சொல்லும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம், பிரஸ் ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதமாக நிற்கும். அவ்வளவுதான்.

அந்த இரண்டாவது டிரைவரைச் சரியாக உட்கார வைக்க எனக்கு மூன்று வாரம் ஆனது. என்.டி. எதையும் தானாகக் கண்டுபிடித்துக்கொள்ளாது. எல்லாவற்றையும் நாம்தான் சொல்ல வேண்டும். கார்டுக்கு ஒன்றாக ஒதுக்கும் எண்களில், எங்கள் கார்டும் நெட்வொர்க் கார்டும் ஒரே எண்ணுக்கு அடித்துக்கொண்டன. கணினி முடங்கி நீலத் திரை வரும். அணைப்பேன், ஏற்றுவேன், மறுபடியும் நீலத் திரை. ஐ.எஸ்.டி. பூத்திலிருந்து வெளிநாட்டுக்குப் பேசி, ஃபேக்ஸ் அனுப்பி, பதில் வந்து, அதுவும் தப்பாக இருந்து, கடைசியில் யாரும் சொல்லிக்கொடுக்காத ஒரு வழியை நானே கண்டுபிடித்தேன். அன்றைக்கு என்னைத் தவிர அலுவலகத்தில் யாரும் இல்லை. இருந்திருந்தாலும் என்ன பார்த்திருப்பார்கள்? திரையில் முன்பு இருந்த அதே படம்தான் இருந்தது.

ஜூலையில் முதல் சோதனை. வாழைத்தண்டு ஒன்றை அச்சுக்கு அடியில் வைத்து கருப்புசாமி பெடலை மிதித்தார். நான்கு விரற்கடை மேலேயே பிரஸ் நின்றது. சுப்பண்ணன் தலையைச் சொறிந்தார். "தண்டுக்கு நிக்குது. கைக்கு நிக்குமுங்களா?" என்றார். அவர் சும்மாதான் கேட்டார். ஜெபமணி சட்டைக் கையை மடித்துவிட்டு, தன் வலது கையை உள்ளே வைத்தான்.

பிரஸ் நின்றது. பிறகு தொழிலாளர்கள் எல்லோரும் கை தட்டினார்கள். சுப்பண்ணன் அவனைக் கட்டிக்கொண்டு அழுதார். மறுவாரம் பத்திரிகையில் படம் வந்தது. அச்சுக்கு அடியில் அவன் கை, பக்கத்தில் அவன் சிரிப்பு. ஓரத்தில் கணினி அலமாரியை ஒட்டி ஒரு முழங்கை தெரியும். அது என்னுடையது.

அதற்குப் பிறகு யார் பார்க்க வந்தாலும் அவன் கையை வைத்துக் காட்ட வேண்டும் என்றாகிவிட்டது. தண்டு வைத்துப் பார்த்த பிறகுதான் கையை வைப்பான். ஆனாலும் வைப்பான். நான் போனில் கூப்பிட்டால் சுப்பண்ணன் உள்ளே திரும்பி, "கைய வெக்கற தம்பியில்ல, ஒயரு மாட்டற தம்பி பேசுது" என்று சத்தமாகச் சொல்வார். மரியாதைக் குறைவாகச் சொன்னதில்லை. அடையாளத்துக்குச் சொன்னார்.

ஜெபமணியின் மனைவி கரோலின் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தாள். "அண்ணா, இவரு நீங்க சொன்னாத்தான் கேப்பாரு. கைய வெச்சுக் காட்டற வேலை வேண்டாம்னு சொல்லுங்கண்ணா. அவரு ஒவ்வொருக்கா வெக்கறப்பவும் எனக்கு இங்க வீட்ல சோறு எறங்கறதில்ல" என்றாள். சொல்கிறேன் என்றேன். அவளுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன். ஜெபமணியிடம் சொல்லவில்லை. அன்றைக்கு வேலை அதிகம்.

புனேயில் ஒரு பெரிய தொழிற்சாலை. பதினெட்டு பிரஸ்ஸுக்குக் கைக்காவல் வைக்கலாமா என்று பார்க்க மூன்று அதிகாரிகள் வருவதாகக் கடிதம் வந்தது. கடிதம் ஜெபமணி பெயருக்கு வந்திருந்தது. சுப்பண்ணன் விஜயதசமியன்று வரச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜைக்கு எல்லா இயந்திரத்தையும் நிறுத்திக் கழுவிப் பொட்டு வைத்து ஒருநாள் ஓய்வு. மறுநாள் விஜயதசமி, நல்ல நேரத்தில் முதல் ஓட்டம். அந்த முதல் ஓட்டமே புனேக்காரர்கள் பார்ப்பதாக இருக்கட்டும் என்று ஆசைப்பட்டார். இன்னொன்றும் சொன்னார். "பூசைக்கு அப்புறம் மொத ஓட்டத்துல தண்டு கிண்டெல்லாம் வெக்காதீங்க. அது நல்லாருக்காதுங்க. நேரா கைய வெச்சுப்போடுங்க."

ஜெபமணி யோசித்தான். பிறகு என்னிடம் சொன்னான்: "அப்ப செவ்வாக்கெழமை, பூசைக்கு மொத நாளு நீ போயி எல்லாம் ஒருக்கா சரி பாத்துடு ராஜு. நீ பாத்தா நான் பாத்த மாதிரி."

இந்தக் கடைசி வார்த்தையை நான் பல தடவை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் பார்த்தால் நான் பார்த்த மாதிரி இல்லை. அவன் பார்த்த மாதிரி.

செவ்வாய்க்கிழமை மதியம் போனேன். தொழிலாளர்கள் தண்ணீர் விட்டுத் தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். கணினி முன்னால் உட்கார்ந்து, டிரைவர் பட்டியலைத் திறந்து, முதலாவதைத் தேர்ந்தெடுத்தேன். ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றுதான். என்.டி. ஒருமுறை அணைத்து ஏற்றச் சொன்னது. செய்தேன். படம் வந்தது. சிரமமே இல்லை. மூன்று வாரம் நான் பட்டபாட்டை எடுத்துவிட இரண்டு நிமிடம் போதும் என்று அப்போது தோன்றியது. திரும்ப மாற்றியிருக்கலாம். மாற்றவில்லை.

என் எண்ணம் என்ன என்று நீங்கள் கேட்பீர்கள். பிரஸ் கொஞ்சம் தாமதமாக நிற்கும். ஜெபமணி பயந்து கையை இழுத்துக்கொள்வான். மிஞ்சிப்போனால் ஒரு கீறல், ஒரு நகம் கறுக்கும். புனேக்காரர்கள் முன்னால் முகம் வெளுத்து நிற்பான். அப்போது நான் போய் உட்கார்ந்து, இரண்டே நிமிடத்தில் சரிசெய்து, இதற்குப் பெயர் டிரைவர், இதைச் செய்தவன் நான் என்று சொல்வேன். ஒரு மனிதன் தன் வேலையைப் பிறர் பார்க்க வேண்டும் என்று நினைப்பதில் பெரிய குற்றம் எதுவும் எனக்குத் தெரியவில்லை. அவனுக்குக் கெடுதல் வர வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைத்ததில்லை. அவன் மகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது சர்ச்சில் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தவன் நான்.

ஆயுத பூஜையன்று என்னைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார்கள். ஸ்டோர் கணக்கு பார்க்கும் கோமளா சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வோர் இயந்திரமாகப் பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். கோமளாவுக்கு இருபத்துமூன்று வயது. காரமடையில் மாப்பிள்ளை பார்த்து, கார்த்திகையில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. லேத்து, டிரில்லிங் மெசின், தராசு, டெலிபோன் என்று எல்லாவற்றுக்கும் வைத்தாள். காமிராவுக்கும் வைத்தாள். சரியாகச் சொன்னால், காமிராவின் கண்ணாடியில், ஓரத்தில்.

விஜயதசமி காலை பத்து மணிக்குப் பூசணிக்காய் உடைத்தார்கள். அதை முதலிலேயே எழுதிவிட்டேன். உள்ளே வந்ததும் ஜெபமணி திரையைப் பார்த்தான். படத்தின் மூலையில் ஒரு நிழல் இருந்தது. ஸ்டூல் போட்டு ஏறி, கர்ச்சீப்பை எடுத்தான். "ஏனுங் தம்பி, பூசையில வெச்சத அழிக்காதீங்க. சாயங்காலம் வரைக்கும் இருக்கட்டுமுங்க" என்று சுப்பண்ணன் தடுத்தார். ஜெபமணி மறுபடி திரையைப் பார்த்தான். அச்சு விழும் இடம் தெளிவாகத் தெரிந்தது. "மூலைதான். பரவால்லீங்க" என்று இறங்கிவிட்டான். கருப்புசாமி பெடல் பக்கத்தில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். ஜெபமணி சட்டைக் கையை மடித்தான்.

பிரஸ் நின்றது. நிற்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு வினாடியில் மூன்றில் ஒரு பங்கு தாமதமாக நின்றது.

ஜெபமணி கத்தவில்லை. "ராஜு" என்று மட்டும் கூப்பிட்டான். கருப்புசாமிதான் தலையில் அடித்துக்கொண்டு கத்தினார். புனேக்காரர்களில் ஒருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். அச்சை மேலே ஏற்றி, கையை எடுத்து, பூஜைக்கு வாங்கிய புது வேட்டியைக் கிழித்துச் சுற்றி, சுப்பண்ணனின் காரில் ஏற்றினார்கள். எல்லோரும் காரைச் சுற்றி ஓடினார்கள். பிரஸ் பக்கம் யாரும் இல்லை. நான் கணினி முன்னால் உட்கார்ந்து இரண்டாவது டிரைவரைத் தேர்ந்தெடுத்தேன். அணைத்து ஏற்றினேன். திரை வருவதற்குள் கார் கேட்டைத் தாண்டும் சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

ஏட்டையா மறுபடி சொல்கிறார், காலை ஆட்டுகிறேன் என்று. கொஞ்சம் நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

நான் பயந்தது போல ஒன்றும் நடக்கவில்லை. டிரைவரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை. மூன்றாம் நாள் சுப்பண்ணன்தான் ஆரம்பித்தார். "காமிராக் கண்ணுல சந்தனம் இருந்துச்சுங்களே தம்பி, அது மறைச்சுப்போட்டுதோ?" என்றார். இருக்கலாம் என்றேன். இருக்கலாம் என்பது பொய் அல்ல. சாயங்காலத்துக்குள் தொழிற்சாலை முழுவதும் அதுதான் பேச்சு. கோமளாவைக் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவள் அழுதுகொண்டே, "நானா வெக்கலீங்க. ராஜு அண்ணந்தான் அதுக்கும் வெக்கச் சொன்னாரு" என்றாள்.

அது உண்மைதான். ஆயுத பூஜையன்று அவள் கிண்ணத்தோடு காமிரா பக்கம் வந்து, "அண்ணா, இதுக்குமுங்களா?" என்று கேட்டாள். "இங்க இருக்கறதுலயே பெரிய கண்ணு அதுதான் அம்மணி. கண்ணாடியிலயே வெய்யி" என்றேன். ஸ்டூலைப் பிடித்துக்கொண்டதும் நான்தான். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

விசாரணையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "காமிராவோட வெளிக் கூட்டுக்கு வெக்கச் சொன்னனுங்க. கண்ணாடியில வெப்பாங்களா யாராச்சும்?" என்றேன். நான் படித்தவன். குரலை உயர்த்தாமல் பேசுகிறவன். கோமளா என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு, "அப்ப நாந்தான் வெவரமில்லாம வெச்சுப்போட்டனாட்ட இருக்குதுங்க" என்றாள்.

சுப்பண்ணனுக்கு அப்போதும் மனம் ஆறவில்லை. "ஒருக்கா தண்டு வெச்சுப் பாத்துப்போடலாமுங்க. அந்தப் புள்ள மேல அபாண்டமாப் பழி விழக்கூடாது" என்றார். அடுத்த புதன்கிழமை எல்லோர் முன்னாலும் சோதனை. காலையில் நான்தான் முதலில் போய்க் கணினியை ஏற்றினேன். முதல் டிரைவரோடு. கண்ணாடியில் சந்தனம் வைத்தோம். தண்டு நசுங்கியது. பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சந்தனத்தைத் துடைத்தோம். லென்சைத் துடைத்தால் காமிராவைப் புதிதாகப் பழக்க வேண்டும் என்று சொல்லி, கணினியை அணைத்து ஏற்றினேன். இந்த முறை இரண்டாவது டிரைவர். தண்டு தப்பித்தது. யாருக்கும் ஒரு சந்தேகமும் மிச்சமில்லை. நன்றாகத் திட்டமிட்ட சோதனை என்று சுப்பண்ணனின் ஆடிட்டர்கூடச் சொன்னார்.

கோமளா வேலைக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். நல்ல நாளில் ஒருவன் கையை வாங்கின பொட்டு என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அது காரமடைக்கும் போயிற்று. அவள் அம்மா பொன்னாத்தாள் என் வீட்டுக்கு வந்து வாசல்படியிலேயே நின்றார். "படிச்சவங்க நீங்க ஒரு வார்த்தை சொன்னா மாப்ள ஊட்டுக்காரங்க கேப்பாங்க சாமி" என்றார். மறுநாளே காரமடைக்குப் போனேன். மாப்பிள்ளையின் அப்பாவிடம், நல்ல பெண்தான், வேண்டுமென்று செய்யவில்லை, கொஞ்சம் கவனக்குறைவு, வேறொன்றும் இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அவர் காபி கொடுத்தார். அந்த வாரமே தாம்பூலத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்னால் முடிந்ததைச் செய்தேன்.

ஆனால் என்னால் உட்கார முடியவில்லை. குற்ற உணர்ச்சி என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு. போகிற இடமெல்லாம் சந்தனம், சந்தனம் என்றார்கள். டீக்கடையில், பஸ்ஸில், பட்டுக்கடைக்காரர் வாயில். ஒரு கார்டு, அதற்குள் ஒரு சில்லு, அதை ஓட்டுகிற டிரைவர், மூன்று வார வேலை. இத்தனையும் இருக்க, ஒரு பொட்டு காரணமாம். கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் பொட்டு, நடுவில் விழும் படத்தை எப்படி மறைக்கும் என்று ஒருவருக்கும் கேட்கத் தெரியவில்லை. அவிநாசி ரோட்டில் நடப்பேன். சிங்காநல்லூர் வரைக்கும் நடப்பேன். வீட்டுக்கு வந்து மறுபடி நடப்பேன்.

கேட்கத் தெரிந்தவன் ஒருவன் இருந்தான். நேற்றுக் காலை ஜெபமணி அலுவலகத்துக்கு வந்தான். ஏழு வாரத்துக்குப் பிறகு முதல்முறை. வலது சட்டைக் கையை மடித்து ஊக்கு குத்தியிருந்தான். எதிரே உட்கார்ந்து, கைக்காவல் கணினியின் பதிவுகளை அச்சடித்த நாலைந்து தாள்களை மேசை மேல் வைத்தான்.

"தொழிற்சாலைக்குப் போயிருந்தேன் ராஜு. மவுஸ எடது கையில புடிச்சுப் பழகணும்ல" என்று சிரித்தான். "ஒரு பக்கம் போறதுக்கு ஒரு மணி நேரம் ஆவுது."

நான் மேல் தாளை என் பக்கம் இழுத்துப் பார்த்தேன்.

என்.டி. தான் செய்வதையெல்லாம் தேதி, நேரத்தோடு எழுதி வைத்துக்கொள்ளும். இரண்டாவது டிரைவர் ஒவ்வொரு முறை ஏறும்போதும் அதில் ஒரு வரி விழும். ஜெபமணி இடது கை விரலால் தாளில் ஓர் இடத்தைக் காட்டினான். ஆயுத பூஜைக்கு முதல் நாள் மதியத்திலிருந்து அந்த வரி இல்லை. விஜயதசமி காலை பத்து நாற்பத்தைந்துக்குத் திரும்ப வந்திருக்கிறது. சோதனை நடந்த புதன்கிழமை காலை மறுபடி இல்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடி வந்துவிட்டது.

"பத்து நாப்பத்தஞ்சுக்கு நான் கார்ல இருந்தேன்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை.

பட்டுக்கடையில் யாரோ பேரம் பேசுவது கீழேயிருந்து கேட்டது. நான் எழுந்து ஜன்னல் வரை நடந்துவிட்டு வந்தேன். அவன் காத்திருந்தான்.

"பொட்டு இல்ல, டிரைவர்தான்னு அந்தக் கோமளாப் பொண்ணு வீட்டுக்கும் காரமடைக்கும் எழுதணும் ராஜு. நான் எழுதினா ஆறாங்கிளாஸ் பையன் எழுதின மாதிரி இருக்குது. நீதான் எழுதிக் குடுக்கணும்" என்றான். பிறகு தாள்களைக் கவிழ்த்து வைத்தான். "ரெண்டு டிரைவர் பேரும் கிட்டக்கிட்ட ஒண்ணாட்ட இருக்கு. தப்பித்தவறி மாத்தி எடுத்துட்டே, திருப்பி வெக்க மறந்துட்டே. அப்புறம் பயத்துல மறைச்சுட்டே. அப்படித்தானே? மறந்துட்டேன்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லு. கரோலின் கேட்டாலும் நான் அதையே சொல்லிக்கறேன். உன்ன நான் நம்பிக்கறேன்."

அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்பதும், இருந்தும் எனக்கு ஒரு வாசல் திறந்து வைக்கிறான் என்பதும் எனக்குப் புரிந்தது. சொல்லியிருந்தால் இன்று இந்தத் தாள்களுக்கு வேலை இருந்திருக்காது. ஆனால் மறந்துவிட்டேன் என்ற வார்த்தை என் வாயில் வரவில்லை. இத்தனை நாளில் முதல்முறையாக ஒருவன் என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்டிருக்கிறான். அவனிடம் போய் அதைச் சொல்ல முடியுமா?

"மறக்கறதுக்கு நான் என்ன நேத்து தொழிலுக்கு வந்தவனா ஜெபா? செவ்வாக்கெழமையே மொத டிரைவரோட மூணு தடவை ஓட்டிப் பாத்தேன், மூணு தடவையும் அச்சு ஒரே எடத்துலதான் வந்து நின்னுச்சு. உன்ற மணிக்கட்டு எங்க வரும்னு அளந்து பாத்துட்டுத்தான் அப்படியே விட்டுட்டு வந்தேன்."